உப்பளத்துச் சாத்திக்கு மும்மாரி கொண்டான் விடுத்த ஓலை

கடல் நிறைக, கதிர் காய்க, காற்று திசை தவறாதிருக்க. எட்டுக் குன்றுக்கும் ஒரு குடையார், முகிலுக்கு ஆணையிடும் முடியினர், மும்மாரி கொண்டான் எனப் பட்டம் பூண்ட கார்வள நாட்டு மன்னர் மாறங்கீரனார், அலைவாய்த் தீவில் உப்பு விளைவிக்கும் அல்லிச்சாத்தியார்க்கு விடுக்கும் ஓலை. தீவும் பாத்திகளும் உமது உடல்நலமும் இனியவோ என மன்னர் வினவுகிறார். பட்டங்களை இதை எழுதும் ஓலைநாயகம் வழக்கப்படி பொறித்துவிட்டான்; வாசிக்கக் கேட்ட மன்னர் கூசினார்.

திங்கள்தோறும் கொலுவில் மாதம் மும்மாரி பொழிகிறதா என்று மன்னர் வினவுவதும், தங்கள் செங்கோலால் பொழிகிறது என்று அமைச்சர் இளந்தத்தனார் சாளரப்பக்கம் திரும்பாமலே விடை பகர்வதும் இந்நாட்டுப் பழவழக்கம். நான்காண்டுகளுக்கு முன் உப்புக் காணிக்கையோடு வந்திருந்த நீர் அதைக் கேட்டுச் சிரித்தீர். நீர் மொழிந்ததை அவையேடு அப்படியே வைத்திருக்கிறது: “பாத்தியில விட்ட கடத்தண்ணிய வெயிலு ஆவியாக்கிடுது, உப்பு மட்டும் தங்குது. மேல ஏறின ஆவி குளுந்து, கண்ணுக்குத் தெரியாத தூசியப் புடிச்சுத் துளித்துளியா மேகமாவுது. காத்து அதத் தள்ளிட்டு வருது. இதுல உங்க கோலு எங்கன வருது ராசா?”

அவை நகைத்தது. மன்னர் நகைக்கவில்லை. அன்றே இக்கரையில் இருந்த உமது பாத்திகள் பறிக்கப்பட்டன, நீர் அலைவாய்த் தீவுக்குத் தோணியேற்றப்பட்டீர். அவ்வாண்டு கார் தவறாமல் பெய்யவே, மன்னர் மேற்கண்ட பட்டத்தையும் பூண்டார்.

பின் மூன்றாண்டு வானம் பொய்த்தது. ஏரிகள் வெடித்தன, உழவர் மாடுகளை அவிழ்த்து விரட்டிவிட்டு அரண்மனை வாயிலில் வந்தமர்ந்தனர். மழைக்கும் கோலுக்கும் தொடர்பே இல்லை என்று அமைச்சர் அவர்களுக்கு எடுத்துரைத்தார். உழத்தி ஒருத்தி எழுந்து, “பேஞ்சப்ப அவரு மழைன்னா, காஞ்சப்ப அவரு வெயிலுதானே சாமி?” என்றாள். அமைச்சர் கதவைச் சாத்தச் சொன்னார். வரும் நிறைமதியன்று நாட்டார் அவை கூடி, முடியை இறக்கி வைக்கச் சொல்லவிருக்கிறது.

ஆதலால் நீர் வந்து, அன்று உரைத்ததை அவ்வவையில் மீண்டும் உரைக்க வேண்டுமென்றே மன்னர் இவ்வோலையைத் தொடங்கினார். மழையை வேண்டாத தொழில் உம்முடையது. உமது சொல்லை நாடு நம்பும். எதைச் சொன்னதற்குத் துரத்தினாரோ, அதையே வந்து சொல்லுமாறு கெஞ்சுவதன் இழிவு அவருக்கு விளங்காமலில்லை.

இவ்வளவு பொறித்தபோது கீழ்த்திசை கறுத்தது. கடற்காற்று வீசிப் பெருந்துளி விழுந்தது. அமைச்சர் ஓடிவந்து, செங்கோல் வென்றது, இனி உப்புக்காரியும் வேண்டா, ஓலையும் வேண்டா என விண்ணப்பித்தார். மன்னரின் தலை ஆமென்று அசைந்துவிட்டது. ஒரு கணந்தான், எனினும் அசைந்தது. அதையும் மறையாது பொறிக்க என்பது ஆணை.

ஆகவே அறிக. இக்கரையில் பறித்த உமது பாத்திகள் இனி உமக்கே. பட்டம் இன்றோடு ஒழிந்தது. வருவதும் வாராமையும் உமது விருப்பம். நிறைமதியன்று உமது சொல்லை உமது பெயராலேயே மன்னர் அவையில் உரைப்பார்.

மழைநீர் சொட்டும் கையால் மன்னரே முத்திரை இட்டது. இம்மழை தீவிலும் பெய்து உமது உப்புக் குவியலைக் கரைத்திருக்கக்கூடும். அது அவர் செயலன்று. உம்மைத் துரத்தியது மட்டுமே அவர் செயல்.