கெண்டை என்று நான் வைத்த பெயர்

10-3-91, ஞாயிறு
ஜெபகுமார் சேரப்பணஞ்சேரியிலிருந்து சைக்கிளிலேயே வந்து மீன் கொடுத்துவிட்டுப் போனான். கம்பெனியில் எனக்குப் பக்கத்து மெஷின் அவன். வீட்டில் தொட்டி வைத்து மீன் வளர்த்து விற்கிறான். பையில் எட்டு ரெயின்போ மீன்.
"கூட்டமா இருந்தாத்தான் இதுங்களுக்கு தைரியம். மொத்தத் தண்ணியும் மாத்தாத, வாரம் கால்வாசி போதும். மூடி போட்டு வை, குதிக்கும்."
என் மனைவி கலைமதி கவனமாகக் கேட்டுக்கொண்டாள். நான் மீனில் கலரைத் தேடிக்கொண்டிருந்தேன்.

28-3-91, வியாழன்
எட்டும் சாம்பல். இதற்குப் பெயர் வானவில்லாம்!

5-4-91, வெள்ளி
கேன்டீனில் போட்டு உடைத்துவிட்டேன். "ஏரிக் கெண்டையப் புடிச்சி ரெயின்போன்னு என் தலையில கட்டிட்டான்பா." டேபிளே சிரித்தது.
"குஞ்சுப்பா அது. ஆறேழு மாசம் பொறு, கலர் வரும்" என்றான் ஜெபகுமார்.
"ஆறு வருசம் பொறுத்தாலும் கெண்டை கெண்டைதான்" என்றேன். இன்னும் பலமாகச் சிரித்தார்கள். எனக்கு நன்றாகத்தான் இருந்தது.

19-4-91
லைன் முழுக்க அவனைக் 'கெண்டை' என்றே கூப்பிடுகிறார்கள். பெயர் வைத்தது நான் என்று கொஞ்சம் பெருமை.

13-5-91, திங்கள்
நேற்று தொட்டியின் மூடிப் பலகையை எடுத்துத் தண்ணீர் டிரம்முக்குப் போட்டேன். கெண்டைக்கு எதற்கு மூடி? காலையில் மூன்று மீன் தரையில் காய்ந்து கிடந்தன. கலைமதி பெருக்கி அள்ளினாள். தொட்டியைப் பின்பக்க அறைக்கு மாற்றிக்கொண்டாள்.

18-8-91
"கலர் வருதுங்க, வந்து பாருங்க" என்கிறாள். போகவில்லை. இவளுமா கிண்டல் செய்கிறாள்?

22-9-91, ஞாயிறு
பார்த்தேன். காலை வெயில் தொட்டியில் விழுந்திருந்தது. முன்பாதி நீலம், பின்பாதி ஆரஞ்சு, இரண்டும் கலக்கும் இடத்தில் பச்சை. ஒன்றையொன்று துரத்தும்போது இன்னும் பளிச்சென்று ஆகின்றன.
அவன் சொன்னானே — ஆறேழு மாசம் என்று. என் காதில்தானே சொன்னான்? எனக்கு எதற்கு அந்த வாய்?

23-9-91
கேன்டீனில் உண்மையைச் சொன்னேன். "இன்னா பாண்டுரங்கா, கெண்டைக்கு பெயின்ட் அடிச்சிட்டியா?" என்றார்கள். சிரிப்பு அடங்கவே இல்லை. ஜெபகுமார் தலை நிமிராமல் சாப்பிட்டான்.

29-9-91, ஞாயிறு
சேரப்பணஞ்சேரி போனேன். தொட்டிகள் எல்லாம் சுவரோரம் கவிழ்ந்து கிடந்தன. "இப்ப யாரும் வாங்க வர்றதில்லண்ணா. கம்பெனி ஆளுங்கதான் வாங்கினு இருந்தாங்க" என்றாள் அவன் மனைவி ஷெர்லின். குற்றம் சொல்கிற குரலே இல்லை. அதுதான் தாங்கவில்லை.
"எட்டும் உயிரோட கீதா?" என்று கேட்டான் அவன்.
"அஞ்சு."
"மூடி போடலியா?"
தப்பு என் மேல்தான் என்றேன். "வுடுப்பா, வெளாட்டுக்குச் சொன்ன" என்றான். விளையாட்டா? இல்லை. எல்லாரும் சிரிக்க வேண்டும் என்றுதான் சொன்னேன். காபி குடித்துவிட்டு வந்தேன்.

30-9-91
இனி யார் என்ன சொன்னாலும் அவனை ஜெபகுமார் என்றுதான் கூப்பிடுவேன்.

4-10-91, வெள்ளி
புது சூப்பர்வைசர் நரசிம்மன் சார் அவசரமாக வந்தார். "யார்யா இங்க கெண்டை? கூப்பிடு" என்றார்.
"அவர் பேரு ஜெபகுமார் சார்" என்றேன்.
ஜெபகுமார் ஏதோ வேலையாக லைன் கடைசிக்குப் போய் முதுகைக் காட்டி நின்றிருந்தான். மெஷின் சத்தத்துக்கு மேலே "ஜெபகுமார்!" என்று கத்தினேன். இரண்டு தடவை, மூன்று தடவை. திரும்பவில்லை.
"சீக்கிரம்யா" என்றார் சார்.
"கெண்டை!" என்றேன்.
உடனே திரும்பினான்.