அம்மா வரும் வாக்கியங்கள்

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நலமா என்று இந்த முறை கேட்கப்போவதில்லை, நலமாகத்தான் இருப்பாய். நேற்றுப் போனில் நீ சொன்னதற்கு அங்கேயே கத்தியிருப்பேன். பக்கத்து அறையில் அம்மா இருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டு வைத்துவிட்டேன். அதனால் இந்தக் கடிதம்.

நம் ஜப்பானிய அகராதிச் செயலியின் புதிய பதிப்பைப் பார்த்தேன். எழுத்தை விரலால் வரைந்தாலே சொல் வந்து நிற்கிறது. நல்ல வேலைதான், இல்லையென்று சொல்லமாட்டேன். பிறகு 'முழங்கால்' என்று தேடினேன். ஜப்பானியச் சொல் இருந்தது, பொருள் இருந்தது, கீழே நான் எழுதிய எடுத்துக்காட்டு வாக்கியத்தைக் காணோம். 'குடை'யிலும் இல்லை, 'ஊசி'யிலும் இல்லை. 'கோபம்' என்ற சொல்லுக்கு மட்டும் அப்படியே இருந்தது. அது நம் வாடகை வீட்டின் சொந்தக்காரரைப் பற்றியது.

கேட்டால் எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறாய். ஒரே ஆள் திரும்பத் திரும்ப வந்தா படிக்கிறவங்களுக்கு அலுத்துடும்க்கா, அம்மா மட்டும் ஆயிரத்து முந்நூறு தடவை இருந்துச்சு, ப்ரோகிராமே எடுத்துடுச்சு என்றாய். யாருக்கு அலுத்தது? ஜப்பானுக்கு வேலைக்குப் போகப் படிக்கும் ஒரு நர்ஸ் இன்று காலையில் எனக்கு எழுதியிருக்கிறாள். அம்மா வாக்கியமெல்லாம் எங்கே மேடம், அவங்களுக்கு ஒண்ணும் ஆகலையே என்று கேட்கிறாள். முகம் தெரியாதவள் கேட்கிறாள்.

நமக்குள் இருந்தது ஒரே ஒரு ஏற்பாடு. நான் எழுதுவேன், நீ படித்துப் பார்த்துப் பச்சைக் குறி போட்ட பிறகுதான் எந்த வாக்கியமும் உள்ளே போகும். எட்டு வருடமாக ஒன்றுவிடாமல் உன் குறி இருக்கிறது. நேற்று வற்புறுத்திக் கேட்டதும், முதல் ரெண்டு வருஷம் படிச்சேன்க்கா, அப்புறம் நீ எழுதினா சரியாத்தான் இருக்கும்னு மொத்தமா போட்டுடுவேன் என்கிறாய். இதை எனக்குப் பாராட்டு மாதிரி வேறு சொன்னாய்.

என் கோபத்துக்குக் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். நான்கு மாதத்துக்கு முன்னால் அம்மா விழுந்தாள். அவன்கிட்ட மூச்சு விடாதே, வேலையப் போட்டுட்டு ஓடி வந்துடுவான் என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். வாயால் சொல்லமாட்டேன் என்றுதானே சத்தியம் என்று பெரிய புத்திசாலி மாதிரி நினைத்துக்கொண்டேன். அந்த வாரம் எனக்கு வந்த சொற்களில் 'படிக்கட்டு' இருந்தது. 'அம்மா படிக்கட்டில் விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டாள்' என்று எழுதினேன். மறுநாளே பச்சைக் குறி. 'சக்கர நாற்காலி'க்கு எழுதினேன். குறி. 'மறதி'க்கு, 'அம்மா சில நாள் என்னை யாரென்று கேட்கிறாள்' என்று எழுதினேன். அதற்கும் குறி. அதன் பிறகு நீ போனில் பேசியது புதிய பதிப்பைப் பற்றித்தான்.

எல்லாம் தெரிந்தும் வராமல் இருக்கிறானே, இவனும் ஒரு பிள்ளையா என்று நான்கு மாதமாக உன்னைத் திட்டிக்கொண்டே அம்மாவுக்குத் தலை வாரிவிட்டேன். உனக்கு ஒன்றுமே தெரியாது என்பது நேற்றுத்தான் புரிந்தது. நீ வராததற்குக் கோபப்படுவதா, படிக்காததற்குக் கோபப்படுவதா என்று எனக்கே தெரியவில்லை. வாயைத் திறந்து சொல்லாதது என் தப்பு, அதை ஒப்புக்கொள்கிறேன். அதற்காக உன்னை விட்டுவிடுவேன் என்று நினைக்காதே.

நீக்கியதெல்லாம் ஒரு கோப்பில் பத்திரமாக இருக்கிறது என்றாயே, அதைத் திற. குறி எதுவும் போடாதே. உட்கார்ந்து முதலிலிருந்து படி. பயணச்சீட்டு எடுத்துவிட்டு வண்டியிலேயே படித்தாலும் சரி.

கடைசி வாக்கியம் போன வாரம் 'கதவு' என்ற சொல்லுக்கு எழுதியது. 'யார் கதவைத் தட்டினாலும் அம்மா உன் பெயரைத்தான் சொல்கிறாள்.' அகராதியில் 'மகன் பெயரை' என்று இருக்க வேண்டும். கை தவறி 'உன் பெயரை' என்று எழுதியிருக்கிறேன். படித்திருந்தால் திருத்தியிருப்பாய். இனித் திருத்த வேண்டாம், பத்திரமாக வந்து கதவைத் தட்டு.

கோபம் தீராத
உன் அக்கா