அம்மாவின் பெயருக்குள் ஒரு மூன்று

மாம்போங்,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் அடோமாவுக்கு,

அந்தக் குளிர் நாட்டில் உன் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் வேண்டிக்கொண்டு உன் தந்தை எழுதுவது. நான் எழுந்து நடமாடுகிறேன், சாப்பிடுகிறேன். இதற்கு முன் வந்த கடிதங்களையெல்லாம் நான் சொல்லச் சொல்லப் போதகர் எழுதினார். இது என் கையெழுத்து. நாலு வரி எழுதுவதற்குள் தேநீர் ஆறிவிடுகிறது, ஆனாலும் பேனாவை வேறு யாரிடமும் கொடுக்க மனமில்லை.

உன் அம்மாவை அடக்கம் செய்வது வரும் சனிக்கிழமை பத்து மணிக்கு. அங்கே தங்குவதற்கான காகிதம் கைக்கு வராமல் நீ கிளம்பினால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள் என்றாய், அதனால் வராதே, எனக்கு வருத்தமில்லை. ஊர்ச் சங்கத்தின் இணையப் பக்கத்தில் போடும் இரங்கல் படம் ஒன்றுதான் உனக்குக் கிடைக்கப்போகிறது, அது சரியாக இருக்க வேண்டும் என்று, லாரி நிலையத்துக்கு எதிரே கணினியில் படம் செய்கிற ஃப்ரெமாவின் கடைக்கு நானே போனேன். மேலே ‘மகிமைக்கு அழைப்பு’ என்று போட்டிருந்தாள். எழுபத்தொரு வயதுக்கு அதுதான் வழக்கம், இளவயதில் போனவர்களுக்குத்தான் ‘என்ன அதிர்ச்சி’ என்று போடுவார்கள். எனக்கு அதிர்ச்சிதான், சொல்லவில்லை. கீழே உன் பெயர், பக்கத்தில் கனடா. நடுவில் அம்மா பெயர், அஃபுவா செவா. விரல் வைத்துப் படித்தேன். செவாவில், வாயைத் திறந்து ‘எ’ என்று சொல்கிற நம் மொழியின் தனி எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் மூன்று என்கிற எண் நின்றது.

கேட்டேன். ஐயா, இந்த அழகான எழுத்து வகையில அந்த எழுத்தே கிடையாது, போன்ல எல்லாரும் அதுக்குப் பதிலா மூணுதானே அடிக்கிறோம், யாரு கவனிக்கப் போறா என்றாள். நான் கவனித்தேனே என்றேன். வாசிக்கக் கத்துக்கிட்டு மூணு மாசம் ஆகல, அதுக்குள்ள வாத்தியார் ஆயிட்டீங்களா என்று சிரித்தாள். வேறு வகை எழுத்தில் அது இருக்கிறதாம், ஆனால் சோப்பு விளம்பரம் மாதிரி இருக்குமாம். அம்மாவுக்கு எழுத்து தெரியாது, சந்தையில் மீன் விற்றதால் எண் தெரியும். அவள் பார்த்திருந்தால், என்னையும் கூறு மூணுன்னு விக்கிறீங்களாடி என்று கேட்டிருப்பாள்.

முதியோர் வகுப்பில் அந்த எழுத்தை நான் நினைவில் வைத்துக்கொண்டதே திரும்பி நிற்கும் மூன்று என்றுதான். அந்த மூன்றைத் திருப்ப முடியாதா என்று கேட்டேன். ஆள் காத்திருக்கு, நீங்களே உக்காந்து பண்ணுங்க என்று ஃப்ரெமா நாற்காலியைத் தள்ளினாள். இடம் வலம் மாற்ற ஒரு கட்டளை இருக்கிறது, அழுத்தினேன். படம் முழுவதும் திரும்பிவிட்டது. அம்மாவின் இடது புருவத்து மச்சம் வலது பக்கம் போய், யாரோ ஒரு பெண் என்னைப் பார்த்தாள். ஒண்ணும் கெட்டுப்போகல என்று ஃப்ரெமா பழைய நிலைக்குக் கொண்டுவந்து விளக்கினாள். படம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கண்ணாடித் தாள்கள் அடுக்கியது போல இருக்கிறது, முகம் ஒரு தாள், பெயர் ஒரு தாள். திருப்ப வேண்டியதை மட்டும் தனித் தாளில் வைக்க வேண்டும். அப்படியே மூன்றைப் பிரித்து, திருப்பி, மற்ற எழுத்துகளின் உயரத்துக்குச் சுருக்கினேன், மூலையைப் பிடித்து இழுக்க வேண்டும், பக்கத்தைப் பிடித்தால் நசுங்கிவிடும். இரண்டு மணி நேரம் ஆயிற்று. அம்மா பெயர் அம்மா பெயராக வந்து நின்றது. துக்கத் துணியோடு கடையில் உட்கார்ந்து சிரித்தேன் அடோமா, வெட்கமாக இருந்தது, ஆனாலும் சிரித்தேன்.

தாள்கள் பிரிந்திருக்கும் கோப்பை ஃப்ரெமா தனியாக வைத்திருக்கிறாள், ஒட்டிச் சிறிதாக்கியதுதான் இணையத்துக்குப் போயிருக்கிறது. போனில் பெரிதாக்கிப் பார்க்காதே, முகம் பொடிப்பொடியாகும். நீயும் செய்திகளில் அந்த மூன்றைத்தான் அடிக்கிறாய், மற்றதற்கு அடித்துக்கொள், அம்மா பெயருக்கு மட்டும் வேண்டாம். கையுறை போடாமல் வெளியே போகாதே. கடவுள் உன் வாசலைக் காக்கட்டும், காகிதமும் சீக்கிரம் வரட்டும். சனிக்கிழமை எங்களுக்குப் பத்து மணி ஆகும்போது உனக்கு விடிந்திருக்காது, விளக்கைப் போட்டுப் படத்தைத் திற. இங்கே பெட்டியைக் குழிக்குள் இறக்கும்போது பிள்ளைகள் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும், அதுதான் வழக்கம். நீ அங்கிருந்து அவள் பெயரைப் படி, வாயை நன்றாகத் திறந்து படி.

உன் தந்தை,
குவாகு அன்டோ