எண்ணெய் இல்லாமலும் ஓடியது, அக்கா

என் வாயாடி அக்காவுக்கு,

காமாலை உன்னைக் கொண்டுபோய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இப்போது உனக்கு ஒரு சேதி வந்திருக்கிறது. அதை உன்னிடம் சொல்லாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

பெங்களூரில் ஹெலிகாப்டரின் மேல்விசிறியைச் சுற்றவைக்கிற கியர்பாக்ஸ் செய்கிற வேலை என்று நீ சொன்னபோது ராஜபாளையத்தில் யாருக்குப் புரிந்தது? ஓடிக்கொண்டிருக்கும்போதே எண்ணெயை மொத்தமாக வடித்துவிட்டு, எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று பார்ப்பீர்களாம். பஞ்சு மில் ஃபிட்டரான எனக்கே பகீரென்றது. இங்கே எண்ணெய் விட மறந்தாலே மேஸ்திரி வறுத்தெடுத்துவிடுவார்.

அம்மா இன்னும் ஒரு படி மேலே போனாள். சோதனை என்று கேட்டதும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறி, ஆண்டாளுக்கு நெய்விளக்கு ஏற்றினாள். "தாயே, எம்மக மிஷின்ல எண்ணெ வத்தவே கூடாது!" எஸ்.டி.டி. பூத்திலிருந்து அம்மா அதைச் சொன்னதும், போனில் நீ சிரித்த சிரிப்பு வெளியே நின்ற எனக்கே கேட்டது. "எம்மா, எண்ணெயத் தொறந்து விடப்போறதே நாந்தாம்மா. வேண்டுதல மாத்து!"

அந்தச் சோதனையில் கியர் இறுகி நின்றுபோனது. தன் வேண்டுதலால்தான் என்று அம்மா அழுதாள். லீவில் ஊருக்கு வந்திருந்த நீ அழவில்லை. "எண்ணெ போனா சூடு ஏறும்லே, சூட்டுல பல்லு வீங்கும். வீங்க எடம் விட்டு வெட்டணும், இன்னும் வழுவழுன்னு தேய்க்கணும். மேல பறக்குறவியளுக்கு எடம் பாத்து எறங்க அரை மணி நேரம் வேணும்லே" என்று கிளம்பிப் போனாய். எத்தனை கியர் கருகியதோ, கடைசியில் அந்த அரை மணி நேரத்தை வாங்கிவிட்டாய்.

போன வாரம் உன் கூட வேலை பார்த்தவர் மில்லுக்குப் போன் செய்தார். மலைக்கு மேலே ஒரு ஹெலிகாப்டரில் எண்ணெய்க் குழாய் உடைந்துவிட்டதாம். இறங்க இடமில்லை. சமவெளி வரும்வரை உன் கியர் தாங்கியிருக்கிறது. உள்ளே இருந்த அத்தனை பேரும் நடந்து இறங்கினார்களாம்.

மில்லில் இருந்த எல்லாரிடமும் ஓடினேன் அக்கா. மிஷின் சத்தத்தையும் மீறிக் கத்திக் கத்திச் சொன்னேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடமும் சொன்னேன். அவள், "எல்லாரும் அவிய அவிய வீட்டுக்குப் போயிட்டாவளா?" என்று மட்டும் கேட்டாள்.

அந்த பைலட் உன் பெயரை விசாரித்துத் தெரிந்துகொண்டு, ஆண்டாளின் ஆடிப்பூரத் தேருக்கு வருகிறார். நான் அவர் கையைப் பிடித்து அம்மா கையில் கொடுப்பேன். "ஒம்மக பத்திரமா எறக்கிவிட்ட ஆளும்மா, தொட்டுப் பாரு" என்று சொல்லுவேன். சத்தியம்.

ஊரே 'ஹெலிகாப்டர்காரி தம்பி' என்று கூப்பிடுகிற,
உன் ரெங்கன்