கால்வாய் ஓரத்து வீடு

14 டிசம்பர் 1958, ஞாயிறு

செருப்பு இன்னும் காயவில்லை. பார்க்கப் பார்க்கச் சிரிப்புதான் வருகிறது.

சிராங்கூன் சாலைக்குப் பின்னால், கால்வாய் ஓரத்தில் இருக்கும் அந்த வாடகை வீட்டைப் போன வாரம் நானேதான் கண்டுபிடித்தேன். வீட்டுத் தரகர் காதர் பாய் முதலில் காட்டியது மேட்டு வீடு. ஏற மூச்சு வாங்குகிறது என்று வேண்டாமென்றேன். "இனிமே தரகர் எதுக்கு?" என்று மனைவி சரோஜாவிடம் பெருமையடித்தேன். விஷயத்தைச் சொன்னபோது பாய் கோபிக்கவில்லை. "அமாவாசை கழியட்டும் தம்பி, அப்புறம் வாக்குக் கொடுங்க" என்றார். எனக்காக நாள் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

இன்று மழையில் எங்கள் இருவரையும் அங்கே அழைத்துப் போனார். சந்தில் முழங்கால் வரை தண்ணீர். இப்போது அங்கே குடியிருக்கும் அம்மா பதற்றமே இல்லாமல் நாற்காலிகளை மேசைமேல் ஏற்றிக்கொண்டிருந்தார். கட்டில் கால்களுக்கு அடியில் செங்கல். கூட்டிப் பெருக்க வசதி என்று அன்று நான் மெச்சிய அதே செங்கல்!

"அமாவாசையை ஒட்டிக் கடல் ஏறும். மழையும் சேந்தா கால்வாய் வீட்டுக்குள்ள வந்துரும் லா. சொன்னா நம்பமாட்டீங்க, அதான் கூட்டிட்டு வந்தேன்" என்றார் பாய்.

"உங்களுக்கு எப்படி பாய் தெரியும்?"

கைலியை மடித்துக் கட்டியபடி எதிர்வீட்டைக் காட்டினார். "பத்து வருஷமா அங்கதான் இருக்கேன்."

சரோஜா இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறாள். நாளை மறுபடி அந்த மேட்டு வீட்டைப் பார்க்கப் போகிறோம். மூச்சு வாங்கினாலும் வெளியே காட்டிக்கொள்ளக் கூடாது.