சங்கத்தில் விட்ட நண்டு

ஞாயிறு, வைகாசிப் பௌர்ணமி

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், எங்கள் தெரு பௌத்த சங்கத்திலிருந்து நான் இன்று நீக்கப்பட்டேன். காரணம் ஒரு வயல் நண்டு.

எல்லோரும் கண்மூடித் தியானத்தில் இருந்தபோது நடுவில் அதை விட்டது நான்தான். அது கோவிந்தன் மாமாவின் கால்விரலைக் கவ்வியது. பக்கத்திலிருந்த செம்பால் ஒரே போடு போட்டார். நண்டு செத்தது. உயிரைக் கொல்லமாட்டேன் என்று அவர் உறுதி சொல்லி ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. நான் சிரித்துவிட்டேன்.

"நாங்க என்ன உனக்குக் கூத்தாடா? இனிமே இங்க வராத" என்றார் செயலாளர் அண்ணன்.

"கொன்னவரு உள்ள, நான் வெளியவாண்ணே?"

அவர் வாசலைக் கைகாட்டினார். வழியெல்லாம் எனக்கு எரிந்தது. கோயிலுக்குள்தான் நம்மை விடவில்லை, இவர்களுமா? அடுத்த பௌர்ணமிக்கு ஒரு கூடை நண்டு என்று சபதம் போட்டேன்.

கூலி உயர்வு கேட்டதற்கு மிராசுதார் ஆட்கள் அடித்தபோதுகூட மாமா திருப்பிக் கை ஓங்கவில்லை. இன்று செம்பைப் பிடித்தபடி அழுதார். அதைப் பார்த்த பிறகும் நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

சபதமெல்லாம் சும்மா. சாயங்காலம் மன்னிப்புக் கேட்க மாமா வீட்டு வாசல்வரை போனேன். "யாருப்பா அது?" என்றார். ஓடி வந்துவிட்டேன்.