மணல் ஷெட்டில் சிவப்பு வண்டி

1-10-73 திங்கள்

காலையில் தூறல். பிறகு வெயில்.

நோட்டே, கோபித்துக்கொள்ளாதே. ஒரு எழுத்து மேலே ஏறுகிறது, ஒன்று கீழே இறங்குகிறது. அறுபத்து நாலு வருஷத்துக் கை. மண்வெட்டி பிடித்த கை. பென்சில் இதற்குள் காணாமல் போகிறது. ஒரு வரி முடிய ஒரு பீடி நேரம். இருந்தாலும் என் பெயரை நானே எழுதுகிறேன். முனுசாமி. இன்னொரு தடவை. முனுசாமி.

முதியோர் வகுப்பு எஸ்தர் டீச்சர் தினமும் எழுதச் சொன்னார். நான் காவல் பார்க்கும் இரும்பு வார்ப்புக் கம்பெனி கேட்டில் இனி எனக்குக் கைநாட்டு இல்லை. உள்ளே வரும் வண்டி, வெளியே போகும் வண்டி, எல்லாம் நானே புத்தகத்தில் எழுதுகிறேன்.

சிவப்பு வண்டி மணல் ஷெட்டில் அப்படியே. முதலாளி தருவித்த இத்தாலி தேசத்து வண்டி. எஞ்சினைக் கழற்றி ரிப்பேருக்கு மெட்ராசுக்கு அனுப்பி நாலு மாதம். ஷெட் சாவி என்னிடம். உத்தரவு: துடைக்கலாம், உட்காரக் கூடாது.

3-10-73 புதன்

நல்ல வெயில். நாஷ்டா இட்லி மூன்று.

வண்டியைப் பார்க்க மெட்ராசிலிருந்து இரண்டு பேர். "மணிக்கு நூத்தியெழுபது மைல்" என்றார் முதலாளி. அவர்களும் தலையாட்டினார்கள். ஷெட்டுக்குள் வந்ததும் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். கழற்றியது அவருக்கே தெரியவில்லை.

அவ்வளவு வேகத்துக்கு இங்கே ரோடு எங்கே? கவரைப்பேட்டை ரயில்வே கேட்டில் எல்லோரோடும் நிற்க வேண்டியதுதான். ஆசை வேகத்தின் மேல் இல்லை.

எனக்குப் பிடித்தவை:
உயரம் என் இடுப்பு வரைதான். பார்க்கக் குனிய வேண்டும்.
கதவு மூடும் சத்தம். யாரோ வாயை மூடிக்கொள்வது போல.
நிறம். மிளகாய்ச் சிவப்பு இல்லை. உலையில் இரும்பு இளகப் போகும் நேரத்துச் சிவப்பு.
நிற்கும்போதே கிளம்பிவிட்டது போல நிற்பது. இதுதான் அதிகம்.

உலையில் வேலை பார்க்கும் தாசு எட்டிப் பார்த்தான். "இன்னா நைனா, எஞ்சினே இல்லாத வண்டிய இம்மாம் தொடைக்கிற? கல்யாணம் கட்டிக்கினியா அத்த?"

"போடா, உலையப் பாரு."

பன்னிரண்டு மணிச் சங்குக்குப் பிறகு வண்டியில் டிக், டிக். வெகுதூரம் ஓடிவந்த லாரி, சூடு ஆறும்போது போடும் சத்தம். பின்பக்கம் எஞ்சின் இருந்த காலி இடத்தில் கை வைத்தேன். சூடு. தகரக் கூரை, வெயில், அதனால்தான் என்று வைத்துக்கொண்டேன். முன்பக்கம் தொட்டேன். சில்லென்று இருந்தது.

5-10-73 வெள்ளி

ஆயுத பூஜை. பொரி, கடலை, புது வேட்டி.

எல்லா வண்டிக்கும் சந்தனம், குங்குமம். சிவப்பு வண்டியின் முன் மூடியில் பூசாரி பெரிய பொட்டு வைத்தார். தாசு விடவில்லை. "பூசாரி, இதுக்கு எஞ்சின் முதுகுல. பொட்ட அங்க வையி." முதலாளியே சிரித்துவிட்டார்.

சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சை. லாரிகள் ஏறி நசுக்கின. இது எப்படி நசுக்கும்? தள்ளலாமா என்று கேட்டேன். "எஞ்சின் வரட்டும். பழம் அங்கியே கெடக்கட்டும்" என்றார் முதலாளி.

தரை முழுக்க வார்ப்பட மணல், மாவு போல. கால் தடம் தெரியாமல் பலகையால் நிரவிக்கொண்டே பின்னால் வந்து பூட்டினேன்.

6-10-73 சனி

காலை எட்டு மணி. பூட்டு போட்டபடியே. திறந்ததும் எலுமிச்சை வாசனை.

நாலு பழமும் சப்பை.

மணல் நான் நிரவியபடி. பூனை நடந்தாலும் தெரியும் மணல். டயர் தடம் இல்லை. வண்டி நேற்று நின்ற இடத்திலேயே.

முதலாளி கத்தினார். "சாவி உங்கிட்டதானே கீது? யார உள்ள வுட்ட?"

"யாரையும் வுடலீங்க."

"பொய் சொன்னா இன்னியோட வேல போச்சி."

மணலைக் காட்டினேன். குனிந்து வெகுநேரம் பார்த்தார். மேல் உதட்டில் வியர்வை. "நாளன்னிக்கு லாரி வரும். பம்பாய்க்கு ஏத்திடு. இனிமே இது இங்க வேணாம்."

வேலை போயிருந்தால் கூடப் பரவாயில்லை. வண்டி போகிறது. இன்று இதற்கு மேல் எழுத வரவில்லை.

7-10-73 ஞாயிறு

கம்பெனி விடுமுறை. காவலுக்கு நான் மட்டும். காற்று இல்லை.

உத்தரவை மீறினேன். நாளைக்குப் போகிற வண்டி, ஒரே ஒரு தடவை. உட்கார்ந்தேன். உட்காருவது இல்லை, படுப்பது. கால் நீளமாகப் போகிறது. கூரை தலையைத் தொடுகிறது. தோல் வாசனை. கதவை மூடினேன். மத்தியான பாசஞ்சர் ரயில் ஊதியது.

இறங்கும்போது சாயங்கால பாசஞ்சர் ஊதியது.

முன் கண்ணாடியில் வெள்ளையாகப் படிந்திருந்தது. நாக்கில் வைத்தேன். உப்பு.

வீட்டுக்குப் புறப்படும்போது கேட்டில் மீன்கூடையோடு அஞ்சலை. உப்பு ஏரிக்கரைப் பழவேற்காட்டுக்காரி. "இன்னா நைனா, மத்தியானம் எங்க ஏரிக்கரையில சோக்கா வண்டியில போய்க்கினு இருந்த? கூவிக் கூவிப் பாத்தேன், திரும்பவே இல்ல."

"நான் இங்கதான் இருந்தேன்."

"நானே பாத்தேன், எனக்கே கத வுடறியா? இன்னா செவப்பு! சத்தமே இல்லாத போச்சே!"

பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வீடு வரை சிரித்துக்கொண்டே நடந்தேன்.

8-10-73 திங்கள்

மேகம். லாரி வந்துவிட்டது.

பலகை போட்டு ஏற்றினோம். எட்டு பேர் வேண்டும் என்றார்கள். நான் கை வைத்ததும் ஏறியது. மற்றவர்கள் கையை எடுத்துக்கொண்டார்கள்.

பம்பாய் வரை கூடப் போக ஆள் வேண்டும். "ஆள வுடுங்க மொதலாளி, நான் எலுமிச்சம்பழம் இல்ல" என்றான் தாசு. நான் போகிறேன் என்றேன்.

என் வீட்டுக்காரி பச்சையம்மா துணிப்பையோடு ஓடிவந்தாள். "இந்த வயசுல பம்பாய் எதுக்குயா உனக்கு? அந்த வண்டி மூஞ்சே சரியில்ல." சொல்லிக்கொண்டே என் சட்டைப்பையில் ஒரு எலுமிச்சை வைத்தாள், வழித்துணைக்கு.

கேட் புத்தகத்தில் எழுதினேன். சிவப்பு வண்டி, வெளியே. முனுசாமி. முதல் தடவையாக ஒரு எழுத்தும் கோணவில்லை.

டிரைவர் தன் பக்கத்தில் ஏறச் சொன்னார். வேண்டாம், வண்டிக்குள்ளேயே வருகிறேன் என்றேன். முதலாளி கேட்டுக்கொண்டுதான் நின்றார். தடுக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இதை உள்ளே உட்கார்ந்து எழுதுகிறேன். டிரைவர் இன்னும் டீக்கடையில். லாரி கிளம்பவில்லை. முதுகுக்குப் பின்னால் டிக், டிக். கதகதப்பு.

சட்டைப்பையில் ஈரம். கை விட்டுப் பார்த்தேன். பழம் சப்பை. நான் எதிலும் இடித்துக்கொள்ளவில்லை.

மீதியை அடுத்த வாரம் எழுதுகிறேன், வண்டி எங்கே நிற்கிறதோ அங்கிருந்து.